கடலில் பனையேறியவர்

நடுக்கடலில் பனை ஏறிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பாலக்காட்டுச் சீமைக்காரர். மறுக்கிறவர்கள் பாய்க்கப்பலில் ஒரு தடவை மொரீசுத் தீவுக்குப் போய்விட்டு வந்து மறுக்கட்டும்.

பெயர் ஏதோ இருந்தது. கப்பலில் அவர் பனையேறிதான். சித்தூருக்குக் கிழக்கே பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சியவர். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கும், கங்காணியோடு சண்டை போட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் கொச்சியில் திரிந்தவன். மொரீசுக்கு அரிசி ஏற்றிய ஒரு கப்பலுக்கு உயரத்துக்குப் பயப்படாத ஆட்கள் வேண்டுமென்றார்கள். நான் ஒரு துணிமூட்டையோடு ஏறினேன். அவர் பாளை சீவும் அரிவாள், காலில் மாட்டும் தளைநார், ஏழு மண்கலயம், ஒரு டப்பா சுண்ணாம்பு எல்லாவற்றோடும் ஏறினார்.

"கடல்ல பனை ஏது அண்ணாச்சி?" என்றேன்.

"போற எடத்துல இருந்துட்டா என்ன பண்றது அப்புனு? திரும்ப வந்து எடுத்துட்டுப் போக முடியுமா?"

காலையில் உப்புத்தண்ணீரால் தளம் கழுவுவது, கிழிந்த பாய் தைப்பது, சோறும் கருவாடும், ஆளுக்கு மூன்று தேங்காய்ச் சிரட்டைக் குடிதண்ணீர். பத்தாம் நாளுக்குமேல் நேற்று எது, இன்று எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பனையேறிக்கு அந்தக் குழப்பமே இல்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடிந்ததும் ஒரு ஏற்றம், வெயில் சாய்ந்ததும் ஒரு ஏற்றம். கயிற்றேணியைத் தொடமாட்டார். தளைநாரை மாட்டிக்கொண்டு பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தே ஏறுவார். உச்சியில் கலயங்களைக் கட்டிவைப்பார். மறுநாள் இறக்கி, பதநீர்க் கலயத்துக்குத் தடவுவதுபோல உள்ளே சுண்ணாம்பு தடவி, மறுபடி கட்டுவார்.

ஒருநாள் ஒரு கலயம் நழுவி, எங்களை மேய்த்த சாரங்கின் காலடியில் விழுந்து நொறுங்கியது.

"எடா! மிச்சத்தையும் கடல்ல எறியடா!"

"எனக்கு மனசு வராதுங்க. நீங்களே மேல வந்து எறிஞ்சுக்குங்க" என்று உச்சியிலிருந்து பதில் வந்தது. சாரங்கு அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்ததும் போய்விட்டார்.

பிறகு காற்று செத்தது. கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. போதாததற்கு இரண்டு குடிதண்ணீர்ப் பீப்பாய்களில் உப்புநீர் புகுந்திருந்தது. மூன்று சிரட்டை ஒன்றாயிற்று. எனக்கோ காய்ச்சல். நாக்கு கருவாடாகிவிட்டது. 'இவன் கரை சேரமாட்டான்' என்று என் தலைமாட்டில் நின்றே பேசினார்கள்.

காற்று நின்ற ஒன்பதாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. எல்லோரும் கூத்தாடிக்கொண்டு தளத்தில் பழைய பாயை விரித்துத் தண்ணீர் பிடித்தார்கள். குடித்த வேகத்திலேயே துப்பினார்கள். மாசக்கணக்காக அலை தெறித்த பாய், ஒரே உப்பு.

"ஏனுங்க! கயிறு புடிங்க!"

பனையேறி உச்சியில் இருந்தார். அலை எட்டாத மேல்பாயின் மூலையில் கலயத்தைக் கட்டியிருந்தார். நிறைந்ததைக் கயிற்றில் இறக்குவார், காலியை இழுத்துக்கொள்வார். மரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஆறு கலயத்தை வைத்துக்கொண்டு, மழை ஓய்வதற்குள் ஒரு பீப்பாயை நிரப்பிவிட்டார்.

சாரங்கு ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். "என்னடா இது, சுண்ணாம்பு!"

"தடவாட்டி புளிச்சுப் போயிருமுங்க."

"மழைத்தண்ணி எங்கயாவது புளிக்குமாடா?"

"மேல ஏறிப் பாத்திருக்கறீங்களா?"

சாரங்கு சிரட்டையை நீட்டினார். இன்னொரு சிரட்டை வாங்கிக் குடித்தார். முதல் கலயத்தை யாரும் தொடக்கூடாதென்று பனையேறி மேலிருந்தே கத்தியிருந்தார். அது எனக்கு வந்தது. அந்தப் பீப்பாயில்தான் பதினாலு பேரும் கரை சேர்ந்தோம்.

மொரீசில் பனை இருந்ததா என்று கேட்காதீர்கள். இறங்கியதும் கலயங்களோடு தேடப் போனவர்தான். நான் வேறு கப்பல் ஏறிவிட்டேன்.

இப்போது பள்ளிவாசல் என்ற மலையூரில் இருக்கிறேன். இந்த மலை ஊற்றைக் குடித்தவர்கள் வேறு தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்கிறார்கள். நல்ல தண்ணீர்தான். சுண்ணாம்பு வாசம்தான் இல்லை.