முதலில் இளஞ்சூடு

அண்ணனிடம் ஃபோனில் "தாராளமா வாங்க" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு, அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார் ஆய்வுக்கூட உதவியாளர். அண்ணன் வீட்டை இடித்துக் கட்டுகிறார். கட்டி முடிக்கும் வரை குடும்பத்தோடு இங்கேதான். இங்கே உபரியாக இருப்பதோ ஒரே ஒரு ரூம். அதில் மனைவியின் தையல் மெஷின் இருக்கிறது. அதை ஓரடி நகர்த்தினாலே வீடு ரெண்டுபடும்.

வழி காட்டியது அவர் பார்க்கிற வேலைதான். காலையிலிருந்து மாலை வரை செல்களுக்குச் சூடு காட்டுகிற அலுப்பான உத்தியோகம். சும்மா இருக்கிற செல்லை எடுத்த எடுப்பில் கடும் சூட்டில் வைத்தால், உள்ளே இருக்கிற புரதமெல்லாம் உருக்குலைந்து செல் செத்துப்போகும். முதலில் காய்ச்சல் அளவுக்கு இளஞ்சூடு காட்டி, கொஞ்சம் ஓய்வும் கொடுத்தால் அது உஷாராகி, காவல் புரதங்களைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் கடும் சூடு வந்தாலும் அந்தக் காவல்காரர்கள் கெட்டுப்போன புரதங்களைப் பிடித்துச் சீர்செய்துவிடுவார்கள். தேறாததை அப்புறப்படுத்திவிடுவார்கள். இதை அவர் வீட்டில் சொல்லிப் புலம்பாத நாளில்லை.

செல்லுக்குச் சரிப்படுவது சம்சாரத்துக்குச் சரிப்படாதா என்ன?

திங்கட்கிழமை இளஞ்சூட்டை ஆரம்பித்தார்.

"உன் கண்ணாடி ஜாடி கை தவறி உடைஞ்சிடுச்சும்மா."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போனாப் போகுது. உங்க நீலச் சட்டையும் இஸ்திரி போடறப்போ முதுகுல தீஞ்சிடுச்சு."

அவரிடம் இருந்த ஒரே உருப்படியான சட்டை அது. கத்த வாயெடுத்தவர், காரியம் கெட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டார்.

ஒரு நாள் ஓய்வு விட்டு, புதன்கிழமை சூட்டைக் கொஞ்சம் ஏற்றினார்.

"இந்த வருஷம் லீவு கிடையாதாம். நாம ஊர் சுத்தப் போறது கேன்சல்."

"பரவாயில்ல. உங்க சாய்வு நாற்காலியை மாடி வீட்டுக்காரங்க கேட்டாங்கன்னு குடுத்துட்டேன். இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடந்தது."

நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற முதுகுக்கு அந்த நாற்காலி ஒன்றுதான் கதி. அன்று ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மனைவி கோபப்படவே இல்லையே! மருந்து வேலை செய்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இன்னும் ஒரு படி.

"ஞாயித்துக்கிழமை எங்க ஆபீஸ்ல ஆறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன்."

"தாராளமா வரட்டும். நீங்களே சமைச்சிடுங்க. எனக்கு அன்னிக்கு வெளிய வேலை இருக்கு."

சும்மா அளந்த பொய் அது. இப்போது நிஜமாகவே ஆறு பேரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியதாயிற்று. வந்தவர்கள் ஒரு குறையும் வைக்காமல் சாப்பிட்டார்கள். உப்பு தூக்கல் என்று குறை மட்டும் சொன்னார்கள். சாயங்காலம் மனைவி திரும்பியபோது அவர் சட்டி பானைகளுக்கு நடுவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இனிமேல் தாங்காது, அவருக்கு.

கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார்: "அண்ணன் குடும்பத்தோட வர்றாரு. ஒரு வருஷத்துக்கு. இங்கயே."

பாத்திரம் எதுவும் பறக்கவில்லை.

"வரட்டுமே. அதான் ஹால் இருக்கே, படுத்துக்கட்டும்" என்றாள்.

அவரால் தன் காதையே நம்ப முடியவில்லை. சோப்புக் கையோடு விஞ்ஞானத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். இந்த வாரம் முழுக்கப் பட்ட பாடெல்லாம் வீண்போகவில்லை என்று கண் கலங்கியது. அப்போது அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால் தோளில் கட்டில் சட்டத்தோடு மச்சினன் நின்றான்.

"கொஞ்சம் வழி விடுங்க மாமா, அப்பாவும் அம்மாவும் சாமான் செட்டோட கீழ லாரியில இருக்காங்க. போன வாரமே நிரந்தரமா இங்க குடிவந்திருப்பாங்க, அக்காதான் 'மாமாவுக்கு முதல்ல மூணு தடவை இளஞ்சூடு காட்டிக்கிறேன், அப்பதான் தாங்குவார்'னு நிறுத்தி வெச்சா!"