கூரை இருந்தால் தள்ளுபடி

"கூரை இருக்கணும். சுவர் இருக்கணும். பூட்டுற மாதிரி கதவு இருக்கணும்," என்றார் பாலிசிக்காரர். "இதெல்லாம் இருக்கற ஷெட்டுல ராத்திரி காரை விட்டீங்கன்னா பிரீமியத்துல மூணுல ஒரு பங்கு தள்ளுபடி. கடைசி வரி மங்கலா இருக்கு."

கடைசி வரி எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையில் இருந்தது. பாலிசிக்காரரின் மூக்கின்மேல் உட்கார்ந்திருந்த சோதனை பிரேமில் கண்ணாடிக்காரர் வேறொரு லென்ஸைச் செருகினார்.

"இப்ப?"

"இப்ப பளிச்சுனு இருக்கு. உங்ககிட்ட ஷெட் இருக்கா?"

ஷெட் இல்லை. கண்ணாடிக்காரரின் கார் வெயிலிலும் மழையிலும் வீட்டு வாசலில் தெருவோரம் நின்றது. வெளிர் நீலத்தில் சின்னக் கார், வயதான கார். காலையில் அவர் பல் தேய்க்க மறந்தாலும் மறப்பார், அதைத் துடைக்க மறக்கமாட்டார். அதன் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த தாளைப் பார்த்துத்தான் முந்தின நாள் வீட்டில் பேச்சு முற்றியிருந்தது.

"காரோட மதிப்பு வருஷா வருஷம் இறங்குது. பிரீமியம் ஏறுது. இந்தக் கணக்கு எனக்குப் புரியல," என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கே புரியவில்லை என்றால் அது கணக்கின் குற்றம். "இந்தத் தடவை குறைச்சுக் காட்டுங்க. இல்லைன்னா காரை வித்துடலாம்."

ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் எழுதிக் கொடுக்கிற கண்ணாடிக்காரருக்கு வீட்டில் பவர் கிடையாது. காரை விற்பதா? பாலிசிக்காரரின் மூக்கிலிருந்து பிரேமைக் கழற்றியபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எதிர்வீட்டில் ஒரு ஷெட் இருந்தது. காரில்லாத ஷெட்.

அன்று மாலையே போய்க் கேட்டார்.

"ஷெட்டுதானே, தாராளமா விட்டுக்கங்க," என்றார் எதிர்வீட்டுக்காரர். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தால் யாருக்குமே சந்தேகம் வரவேண்டும். கண்ணாடிக்காரருக்கு வந்தது சந்தோஷம். "ஆனா அந்தத் தள்ளுபடியை மட்டும் நம்பாதீங்க. நானும் கார் வச்சிருந்தப்ப அதே கம்பெனியில எழுதிப் போட்டேன். ஷெட்டைப் பாக்க இன்ஸ்பெக்டர் வருவாருன்னாங்க. மாசக்கணக்கா காத்திருந்தேன், ஒருத்தரும் வரல. கோவத்துல காரையே வித்துட்டேன்."

"எனக்கு பாலிசிக்காரர் நேர்ல சொல்லியிருக்காரு. வந்துடுவாங்க."

"அப்ப சரி. உள்ள கொஞ்சம் சாமான் இருக்கு. அதை மட்டும் உங்க வீட்டுல வச்சுக்கிட்டா போதும். இன்ஸ்பெக்ஷன் முடியற வரைக்கும்தான்."

கொஞ்சம் சாமான் என்பது இதுதான்: பூட்டு வேலை செய்யாத பீரோ ஒன்று, ஓடாத தையல் மிஷின், சுருட்டிவைத்த ஜமுக்காளங்கள், எந்த வாசலுக்கும் சேராத மரக்கதவு ஒன்று. பீரோ நடையில் நின்றது. அதற்கப்புறம் குளியலறைக்குப் பக்கவாட்டில்தான் நடந்து போகமுடிந்தது. கதவை ஹால் சுவரில் சாய்த்து வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் அதற்குப் பின்னால் இன்னோர் அறை இருப்பதாக நினைத்துத் தட்டினார்கள்.

கடைசியாக ஷெட்டிலிருந்து ஒரு கட்டில் வந்தது. கட்டிலுக்குப் பின்னால், தலையணையையும் சின்ன ரேடியோவையும் அணைத்தபடி ஒரு பெரியவர் வந்தார்.

"சித்தப்பாவையும் கொஞ்சம் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்காரர் போய்விட்டார். அவர் நடையில் ஒரு துள்ளல் தெரிந்தது.

சித்தப்பா ஹாலைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். மின்விசிறிக்கு நேர் கீழே கட்டிலைப் போடச் சொன்னார். உட்கார்ந்தார். "சுவர் ஓதம் அடிக்குதே," என்றார். பிறகு டீ இருக்கிறதா என்று விசாரித்தார்.

மனைவி கண்ணாடிக்காரரைச் சமையலறைக்குள் இழுத்தாள். "யாருங்க இது?"

"எதிர்வீட்டு சித்தப்பா."

"அந்த வீட்டு அண்ணனுக்கா, அக்காவுக்கா?"

"அதை எப்படிக் கேக்கறது? ஷெட்டுல ஏன் படுக்க வச்சீங்கன்னு குத்திக் காட்டற மாதிரி ஆயிடும். நாலு நாளுதான், பொறுத்துக்க."

அவளும் கேட்கவில்லை. அடுத்த வீட்டு உறவைத் தோண்டிக் கேட்பது அழகல்ல என்று சொல்லிக்கொடுத்த நல்ல வீடுகளில் இருவரும் வளர்ந்திருந்தார்கள்.

மறுநாள் காரை ஷெட்டுக்குள் விட்டார் கண்ணாடிக்காரர். மூக்கு உள்ளே போனது, வயிறு போனது, வால் மட்டும் ஒரு சாண் வெளியே நின்றது. இரும்புக் கதவு பின் பம்பரில் இடித்தது. சித்தப்பா தெருவைக் கடந்து வந்து, இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"கதவு மூடலைன்னா அது ஷெட் இல்ல தம்பி. பஸ் ஸ்டாப்பு. ஒத்துக்கமாட்டான்."

"என்ன பண்றது சித்தப்பா?" கண்ணாடிக்காரரும் முறை சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

"உள் சுவர்ல சிமென்ட் பலகை ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்கு பாருங்க. அதை எடுத்துட்டா கார் போயிடும்."

பலகையை எடுக்கக் கொத்தனார் வந்தார். பலகை வந்தது, கூடவே பாதிச் சுவரும் வந்தது. ஓட்டை வழியாக எதிர்வீட்டு அம்மா துணி துவைப்பது தெரிந்தது. அவர் கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடிக்காரர் கொத்தனாரைப் பார்த்து, சுவரைப் புதிதாகவே எழுப்பிவிடும்படி சொன்னார்.

சுவர் எழும்பியது. கார் உள்ளே போனது. கதவும் மூடியது. கதவு மூடிய இருட்டில் கூரையைப் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி அங்கங்கே வெளிச்சம்.

"ஓட்டை," என்றார் சித்தப்பா. "ஓட்டை இருந்தா கூரைன்னு எழுதமாட்டான்."

கூரைத் தகட்டை மாற்றினார். அதை மாற்ற ஏறிய ஆளின் கால் பட்டு மின்கம்பி அறுந்தது. புதுக் கம்பி இழுத்தார். தீயணைக்க மணல் வாளி வேண்டும் என்று சித்தப்பா சொல்ல, மணல் வாங்கினார். மணல் கிடைத்தது, வாளி கிடைக்கவில்லை, வீட்டில் துணி ஊறவைத்திருந்த வாளி போனது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுச் சித்தப்பா தலையாட்டுவார். "இன்னும் பாக்க வேண்டியது இருக்கு. அவசரப்படக் கூடாது," என்பார். பிறகு ஹாலுக்குத் திரும்பி ரேடியோவைத் திருகுவார்.

இதற்கிடையே இன்னொரு சங்கடம் முளைத்தது. எதிர்வீட்டில் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கேட்டைத் திறப்பார்கள். ஓசியில் ஷெட்டு வாங்கிக்கொண்டு, தூங்குகிறவர்களை எழுப்பவும் முடியுமா? கண்ணாடிக்காரர் பஸ்ஸில் கடைக்குப் போகத் தொடங்கினார். காரைக் காப்பாற்றுவதற்காகக் காரில்லாமல் போய்வந்த மனிதர் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான். கூட்டத்தில் தொங்கியபடி, தன் வெளிர் நீலம் இருட்டில் தனியாக நிற்பதை நினைத்துக்கொண்டே போனார்.

வீட்டில் மனைவி பொறுமையின் கடைசிப் படியில் நின்றாள். தொலைக்காட்சி ரிமோட் சித்தப்பாவின் தலையணைக்கு அடியில் போய்விட்டது. அவருக்குக் காலையில் ஒரு டீ, அதை ருசி பார்க்க இன்னொரு டீ. அவள் விடைத்தாள் திருத்தும்போது எட்டிப் பார்த்து, "இந்தப் பையனுக்கு ஒரு மார்க் கூடப் போடும்மா, பாவம்," என்று சிபாரிசு வேறு.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்க," என்றாள் அவள். "தள்ளுபடி எவ்வளவு, நீங்க செலவழிச்சது எவ்வளவுன்னு நான் கணக்குப் போடல. போட்டா எனக்குத்தான் மயக்கம் வரும். ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த இன்ஸ்பெக்டர் வந்து தள்ளுபடியை எழுதணும். இல்லைன்னா திங்கக்கிழமை காரை விக்க விளம்பரம் குடுத்துடுவேன்."

"வருஷா வருஷம் தள்ளுபடி வருமே. போகப் போக சரியாயிடும்."

"போகப் போக இந்த சித்தப்பாவும் இருப்பாரா?"

அன்றிரவு கண்ணாடிக்காரர் சமையலறையில் படுத்துக்கொண்டு, ஹாலில் இருந்து வந்த குறட்டையைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தே விட்டார். ஒல்லியான இளைஞர், கையில் ஒரு டேப்லட். எதிர்வீட்டுக்காரரால் நம்பவே முடியவில்லை. தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, வேற்றுக்கிரகவாசியைப் பார்ப்பதுபோல நின்று பார்த்தார். சித்தப்பா மட்டும் அந்தச் சமயம் குளிக்கப் போயிருந்தார். அவர் குளித்தால் லேசில் வெளியே வரமாட்டார்.

இளைஞர் சுவரைத் தட்டினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். பூட்டை இரண்டு தடவை பூட்டித் திறந்தார். மணல் வாளியைப் பார்த்ததும் அவர் முகமே மலர்ந்தது.

"இவ்வளவு சுத்தமான ஷெட்டை நான் பாத்ததே இல்ல சார். யார் சொல்லிக் குடுத்து செஞ்சீங்க?"

"எல்லாம் வீட்டுப் பெரியவங்கதான்," என்றார் கண்ணாடிக்காரர். கார் பிழைத்துவிட்டது.

எல்லோரும் கண்ணாடிக்காரர் வீட்டு ஹாலுக்கு வந்தார்கள். இளைஞர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டேப்லட்டில் தட்டத் தொடங்கினார். "ஒரே ஒரு நிபந்தனை சார். ஷெட்டுல யாரும் குடியிருக்கக் கூடாது. இருந்தா தள்ளுபடி ரத்து."

மனைவி அதற்காகவே காத்திருந்தவள்போல எதிர்வீட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சாச்சு. ஷெட்டுல விடவும் முடியாது. உங்க சித்தப்பாவை இன்னைக்கே உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"என் சித்தப்பாவா?" எதிர்வீட்டு அம்மா திகைத்தார். "எனக்கு ஏதும்மா சித்தப்பா? அவரு இவங்க பக்கம்."

"என் பக்கமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "என்னடி உளர்றே. அவரு உன் பக்கத்து ஆளு. எத்தனையோ வருஷம் முன்னாடி நான் ஒருநாள் வேலை முடிஞ்சு வர்றேன், ஷெட்டுல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருக்காரு. நீதானே டீ குடுத்தே?"

"கேட்டைத் திறந்து உள்ள வந்து, ஷெட் எங்கம்மான்னு உரிமையா கேட்டாரு. உங்க வீட்டு ஆளுங்கதான் அப்படிக் கேப்பாங்க. அதான் டீ குடுத்தேன்."

"அப்ப சித்தப்பான்னு ஏன் கூப்பிட்டே?"

"நீங்க கூப்பிட்டீங்க, நானும் கூப்பிட்டேன்."

"நீ கூப்பிட்டேன்னுதானே நான் கூப்பிட்டேன்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையா ரெண்டு பேரும்?" என்றாள் கணக்கு டீச்சர்.

எதிர்வீட்டு அம்மாவின் குரல் இறங்கியது. "எப்படிம்மா கேக்கறது? உங்க ஆளு எப்ப கிளம்புவாருன்னு புருஷன்கிட்ட கேட்டா, என் சொந்தத்துல ஒருத்தர் வந்து இருக்கக் கூடாதான்னு சண்டை வரும். அவரு மட்டும் என் அம்மா வந்தப்ப பொறுத்துக்கலையா? சரின்னு விட்டுட்டேன்."

"நானும் அதையேதான் நினைச்சேன்," என்றார் எதிர்வீட்டுக்காரர். மனைவி இவ்வளவு பெருந்தன்மையானவள் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் அதை ரசிக்கிற நிலையில் அவர் இல்லை.

நான்கு பேரும் குளியலறைப் பக்கம் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தோடு ஒரு பாட்டும் கேட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினாலாவது அது யார் வீட்டுப் பூதம் என்று தெரியும்.

"ஒரு சின்ன சிக்கல் சார்," என்றார் கட்டிலில் இருந்த இளைஞர். இந்தக் குடும்பச் சண்டை எதுவும் அவர் காதில் ஏறவில்லை, டேப்லட்டோடு போராடிக்கொண்டிருந்தார். "ரிப்போர்ட்டை வாங்க மாட்டேங்குது. இந்த ஷெட்டுக்கு ஏற்கனவே ஒரு இன்ஸ்பெக்ஷன் பாதியில நிக்குதாம். அது முடிஞ்சாத்தான் புதுசு ஏறும்."

"பாதியில எப்படி நிக்கும்? அப்ப ஒருத்தருமே வரலையே," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஷெட்டைப் பாக்க ஆபீஸ்லேருந்து ஒரு இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டாருன்னு போட்டிருக்கு சார்."

"தம்பி, எனக்கு இன்னைக்குள்ள தள்ளுபடி வேணும்," என்றார் கண்ணாடிக்காரர். "நாளைக்கு விளம்பரம் வந்துடும். அந்தப் பழைய ரிப்போர்ட்டை அந்த ஆளையே கேட்டு வாங்கிடலாமே. அவர் எங்க இருக்காரு?"

இளைஞர் பதில் சொல்ல வாய் திறந்தார். குளியலறைக் கதவும் திறந்தது. தலையைத் துவட்டியபடி, பீரோவைப் பக்கவாட்டில் கடந்து சித்தப்பா ஹாலுக்கு வந்து சேர்ந்தார். துண்டை விலக்கி, தன் கட்டிலில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார்.

இளைஞர் விறைத்துப்போய் எழுந்து நின்றார். டேப்லட் கட்டிலில் நழுவி விழுந்தது.

"சார், உங்க போட்டோவுக்கு முன்னாடி நாங்க வருஷா வருஷம் ஆபீஸ்ல எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்திக்கிட்டிருக்கோம். நீங்க இன்னும் அந்த ஷெட்டைப் பாத்தே முடிக்கலையா?"