ஆமை டெய்லர் ஆமைகளை விரட்டிய கதை

புதுச்சேரி வட்டாரத்தில் ஆமைகளை வரிசையில் நிற்கவைத்த ஒரே மனிதர் ஆமை டெய்லர்தான். ரேஷன் கடையில் மனிதர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை.

தவளக்குப்பம் கடைத்தெருவுக்குப் பின்னால் நான் குடியிருந்தபோது, குளக்கரையை ஒட்டி அவர் கடை இருந்தது. மர ஸ்கேலால் குளத்துப் படிக்கட்டில் தட்டுவார். முதலில் ஒரு கிழட்டுப் பெட்டை ஆமை வரும். அதற்கு, பிரெஞ்சுக்கார அம்மணிகளைக் கூப்பிடுகிற மாதிரி, மதாம் என்று பெயர் வைத்திருந்தார். அவள் பின்னால் மற்றவை வரும். எல்லோருக்கும் கருவாட்டுத் தலை உண்டு.

“பாய், ஜாக்கெட் இன்னாச்சு?” என்று பூக்காரம்மா கேட்பார்.

“மதாம் சாப்பிடட்டும்மா, தரேன்.”

“அப்ப அவளுக்கே மாட்டி வுடு.”

எங்கோ பிடிபட்ட சில ஆமைகளை வனத்துறையினர் அந்தக் குளத்தில் விட்டார்கள். கொஞ்ச நாளில் அவையும் ஸ்கேல் சத்தத்துக்கு வந்தன.

“இதுங்களுக்கு எப்ப பாய் சொல்லிக் குடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“நான் எங்க சார் குடுத்தேன்? மதாமைப் பாத்துக் கத்துக்குதுங்க. எங்க மச்சானும் பக்கத்துலயேதான் குந்திக்கினு இருக்கான், இன்னும் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்க வரல.”

இதை யாரோ செல்போனில் படம்பிடித்துப் பரப்பினார்கள். பார்த்தவர்களில் ஆமைக்கறி விற்கிறவர்களும் இருந்தார்கள்.

ஒரு காலையில் இரண்டு பேர் பைக்கில் வந்து, குச்சியால் படியில் தட்டினார்கள். மதாம் தானாகவே போய் நின்றாள். டெய்லர் கழுத்தில் டேப்புடன் கத்திக்கொண்டு ஓடியதும், கையிலிருந்த சாக்கைப் போட்டுவிட்டுப் பறந்தார்கள். உள்ளே மதாமும் இரண்டு குட்டிகளும் இருந்தன.

“கூப்ட்டா வரதுக்குப் பழக்கிட்டேன் சார்,” என்றார். “கூப்புடுறது யாருன்னு அதுங்களுக்கு என்னா தெரியும்?”

மறுநாள் முதல் பாடம் மாறியது. படியில் தட்டுவார், மதாம் வந்ததும் அவள் முன்னால் எண்ணெய் டின்னை அடிப்பார். அவள் பயந்தால் போதும், மற்றவை அவளைப் பார்த்து ஓடும் என்பது அவர் கணக்கு. மதாமோ நம்பவில்லை. கொஞ்சம் பின்வாங்கி, கழுத்தை நீட்டி அவர் முகத்தையே பார்ப்பாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு அடிப்பார்.

“பாய், ஆமை ஓடல. என் கஸ்டமர்தான் ஓடுறாங்க,” என்றார் டீக்கடைக்காரர்.

கடைசியில் ஒருநாள், படியில் தட்டிய சத்தம் கேட்டதுமே மதாம் மூழ்கினாள். அவளைப் பார்த்து மற்றவையும் மூழ்கின.

பைக்கில் வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள். டெய்லர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். தட்டித் தட்டிப் பார்த்தார்கள். குளத்தில் ஓர் அலைகூட எழவில்லை. திட்டிக்கொண்டே போனார்கள்.

டெய்லர் சிரித்தபடி கடைசிப் படிக்கு இறங்கினார். நடுக்குளத்தில் மதாமின் மூக்கு தெரிந்தது. அவர் மெல்லக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், அவள் மூழ்கிவிட்டாள்.

“கெட்டிக்காரி,” என்றார். தூக்கிய கையை இறக்க மறந்திருந்தார்.