அடுத்த படகில் சாப்பாடு

சனிக்கிழமை மாமியார் வருகிறாள் என்று காதில் விழுந்ததுமே, அன்றைக்கு ஏதாவது ஒரு தீவுக்குப் போய்விடுவது என்று ராய்ஸ் முடிவுகட்டிவிட்டார். மாமியார் யூலாலி ஒரு பகல்தான் தங்குவாள். ஆனால் அந்த ஒரு பகலுக்குள், அவர் மனைவி வெர்னாவை முதலில் பெண் கேட்ட பல் டாக்டரின் அருமை பெருமைகளை அவரை உட்காரவைத்துப் பாடிவிடுவாள்.

மனைவியிடம் குழைந்தார்.

"இத்தனை வருஷத்துல உன்னை ஒரு நாள் கம்பர்லண்ட் தீவுக்குக் கூட்டிட்டுப் போனதில்லை. சனிக்கிழமை போவோமா?"

"அன்னிக்கு அம்மா வராங்களே."

"அடடா, மறந்தே போச்சு. டிக்கெட் வேற வாங்கிட்டேன்."

"சரி, போவோம்" என்றாள் வெர்னா.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

காலைப் படகில் போய் இறங்கினார்கள். ஓக் மரங்களுக்கடியில் காட்டுக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தீப்பிடித்துப் பாழான கோடீஸ்வர மாளிகையின் மொட்டைச் சுவர்களைப் பார்த்ததும் ராய்ஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கூரை இல்லை, கதவு இல்லை, மாமியார் இல்லை. போனில் சிக்னல்கூட இல்லை.

மதியம் வயிறு கூப்பிட்டது.

"சாப்பாட்டை எடு."

"கொண்டுவரலை."

"இந்தத் தீவுல ஒரு கடைகூடக் கிடையாது, வெர்னா."

"தெரியும். சாப்பாடு அடுத்த படகுல வருது."

வந்தது. பொரித்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், பீச் பழப் பணியாரம், எல்லாம் ஒரு பெரிய கூடையில். கூடையோடு யூலாலி.

ராய்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு.

"இடிபாடு பார்க்கத்தானே வந்தீங்க?" என்று வெர்னா அவர் காதோரம் சொன்னாள். "இடி அதோ வருது. பாடு உங்களோடது."

யூலாலி கிட்டே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வெர்னா எல்லாம் சொன்னா மாப்பிள்ளை. எனக்குக் காத்தாட இருக்கட்டும்னு நீங்களே யோசிச்சு, எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருக்கீங்க."

மறுக்கலாம்தான். ஆனால் கோழித்தொடை அதற்குள் வாயில் இருந்தது. வெர்னா குதிரையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களுக்காகத்தான் அத்தை" என்றார் ராய்ஸ், மென்றுகொண்டே.

அக்டோபர் மாதம் அப்போதுதான் பிறந்திருந்தது.

"சாயங்காலமே ஊருக்குக் கிளம்பறதா இருந்தேன்" என்று யூலாலி இன்னொரு துண்டை அவர் தட்டில் வைத்தாள். "இப்படி ஒரு மாப்பிள்ளையை விட்டுட்டு எப்படிப் போறது? கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கேன்."