விமானத்தின் மூக்கில் நீ மாட்டிய கேமரா

பெருமதிப்புக்குரிய மிலோ அண்ணன் அவர்களுக்கு,

தாங்களும் டார்லா அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே மழை பெய்து சோளம் இடுப்பளவு வந்திருக்கும். தங்கள் முதுகுவலி குறைந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஏனென்றால் வரும் சனிக்கிழமை தாங்கள் இங்கே வந்து, என் விமானத்தின் அடியில் மல்லாந்து படுத்து, தாங்கள் மாட்டிய கேமராவைத் தாங்களே கழற்றி, தாங்கள் போட்ட துளையைத் தாங்களே அடைக்க வேண்டியிருக்கிறது.

"தாங்கள்" இத்தோடு போதும். மரியாதையாகத் திட்டினால் நன்றாக உறைக்கும் என்று நினைத்தேன். கைதான் வலிக்கிறது.

அண்ணா, என் நிலைமை உனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாய், அதனால்தான் எரிச்சல். எத்தனையோ பனிக்காலங்கள் கராஜில் குளிரில் நின்று நானே கட்டிய விமானம் அது. வாலில் சின்னச் சக்கரம் வைத்த வகை, அதனால் தரையில் இருக்கும்போது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே உட்கார்ந்தால் எனக்கு எதிரே தெரிவது அந்த மூக்கு மட்டும்தான். இந்த வகை வைத்திருக்கிற எல்லோரும் தரையில் பாம்பு போல வளைந்து வளைந்துதான் ஓட்டுவார்கள், பக்கவாட்டு ஜன்னல் வழியாக முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக. ஆனால் எங்கள் விமான ஓட்டிகள் சங்கத்தின் காலை விருந்து நாளில் இரண்டு பக்கமும் விமானங்களை நிறுத்திவிடுவார்கள், வளைய இடம் இருக்காது. போன வருடம் நான் ஒரு குப்பைத் தொட்டியைத் தட்டிவிட்டேன். காலித் தொட்டி. அதற்கு முந்தைய வருடம் சங்கத்திலேயே இன்னொரு விமானக்காரர் கேலார்ட் அதே தொட்டியைத் தட்டியபோது "காத்து பலமா அடிச்சுது" என்றார்கள். நான் தட்டியதும் என் பார்வையைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைவர் எல்டன் ஒரு விதி கொண்டுவந்தார்: ரெனியின் விமானம் தரையில் நகரும்போதெல்லாம் அவர் தன் கோல்ஃப் வண்டியில் ஆரஞ்சுக் கொடி கட்டிக்கொண்டு முன்னால் போவார், நான் பின்னால் போக வேண்டும். சந்தைக்கு மாட்டை ஓட்டிப்போவது போல. ஒரு வருடம் அப்படிப் போனேன் அண்ணா. கல்லூரியில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறவள்.

இதை உன்னிடம் சொன்னது என் தப்பு. "அவ்வளவுதானே? மூக்குக்கு அடியில ஒரு கேமரா, உன் முன்னால இருக்கிற திரைக்கு ஒரு வயர். முடிஞ்சுது" என்றாய். அறுவடை மெஷினுக்கும் மாட்டு லாரிக்கும் கேமரா மாட்டுகிறவன், தெரிந்துதான் பேசுகிறான் என்று நம்பினேன். "விமானத்துக்கு வேற மாதிரி வேணாமா?" என்று கேட்டதற்கு, "ஏன், விமானத்துக்குக் கொம்பா முளைச்சிருக்கு?" என்றாய். துளை போட்டாய், வயரை இழுத்தாய், "எதையும் தொடாதே, எல்லாம் சரியா வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு என் பொரித்த கோழி முழுவதையும் தின்றுவிட்டுக் கிளம்பினாய்.

நீ சரியாக வைத்ததைக் கேள். நீ அந்த வயரை ரேடியோ வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாய், அதனால் நான் பேசுவதற்குப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகளாகப் பனி கொட்டுகிறது. படம் வந்தால் எண்ணெய் அழுத்தம் காட்டும் பக்கம் மறைந்துவிடுகிறது, அதாவது முன்னால் என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டுமா, என்ஜின் உயிரோடு இருக்கிறதா என்பது தெரிய வேண்டுமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் அந்தக் கோடுகள். பச்சை, மஞ்சள், சிவப்பு. லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்துவதற்கான கோடுகள் அண்ணா! மூவாயிரம் அடி உயரத்தில், கீழே மாவட்டம் முழுக்கச் சோளம் விரிந்து கிடக்க, திரை எனக்கு மேகத்துக்குள் பார்க்கிங் காட்டிக்கொண்டிருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்தேன். இதற்குத்தான் உன்னை மன்னிக்க முடியவில்லை: இடப்பக்கம் சாய்த்துத் திரும்பினால் ஜன்னலில் தரை ஒரு பக்கம் சாய்கிறது, திரையில் மறு பக்கம் சாய்கிறது. எனக்குத் தலை சுற்றியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? காது டாக்டரிடம் போனேன். உள்காதில் ஏதோ கோளாறு, நாற்பதைத் தாண்டிவிட்டோம், இனி இப்படித்தான் என்று நினைத்தேன். அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றிவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்லையே" என்றார். வீட்டுக்கு வந்து வேறு டாக்டரைத் தேடினேன். என் காதைச் சந்தேகப்பட்டேன், கண்ணைச் சந்தேகப்பட்டேன், என் வயதைச் சந்தேகப்பட்டேன். நீ மாட்டிய கேமராவை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. இதை யோசித்தால் உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேல் திரும்பிவிடுகிறது. அதனால் யோசிக்கவில்லை.

எங்கள் விமான மைதானத்துப் புல்தரையில் நேராகப் போகும்வரை இடமும் வலமும் ஒரே மாதிரிதான் இருக்கும், இரண்டு பக்கமும் புல். அதனால் ஒத்திகை எல்லாம் அருமையாக நடந்தது. நானே எல்டனிடம் போய், "இந்த விருந்துக்கு உங்க வண்டி வேணாம். நானே ஓட்டிட்டு வரேன், பாருங்க" என்றேன். "வந்து காட்டு. காட்டிட்டா விதியை எடுத்துடறேன். இல்லேன்னா மாசக் கடைசியில வேற மைதானம் பாத்துக்க" என்றார். இதை நான் உனக்குப் போனில் சொன்னபோது விசிலடித்தாய்.

விருந்தன்று காலை ஊரே வந்திருந்தது. எல்டனின் மனைவி லவோன் கூடாரத்துக்குள் பெரிய கல்லில் பான்கேக் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மெதுவாக வந்தேன். திரையில் கூடாரம் இடப்பக்கம் தெரிந்தது. கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கினேன். கூடாரம் பெரிதானது. இன்னும் ஒதுங்கினேன். இன்னும் பெரிதானது. வருகிறேன் என்று சொல்ல ரேடியோவை அழுத்தினேன், பனி கொட்டியது. பனி நின்றபோது சிவப்புக் கோட்டுக்குள் லவோன் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். என்ஜினை அணைத்துவிட்டேன். விமானம் அசைந்தாடி இன்னும் கொஞ்சம் போய், இறக்கை கூடாரத்துக் கயிற்றில் மாட்டி இழுக்க, கூடாரம் பெருமூச்சு விட்டதுபோல் அப்படியே உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. நடக்கிற வேகத்தில் வருகிற விமானம், உள்ளே இருந்தவர்கள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டே எழுந்து போயிருக்கிறார்கள். லவோன் மட்டும் கல்லை விட்டுப் போக மாட்டேன் என்று நின்று, கடைசியில் துணிக்கு அடியிலிருந்து மாவோடு வெளியே வந்தார்.

"ஏம்மா ரெனி, இவ்வளவு பெரிய கூடாரம் கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் எல்டன்.

"தெரிஞ்சுதே. அதனாலதான் ஒதுங்கினேன்."

"ஒதுங்கினியா? எங்க ஒதுங்கின?"

"இங்கதான்."

"நான் அம்பது வருஷமா பான்கேக் ஊத்தறேன்டி பொண்ணே. விமானம் வந்து கேட்டதில்லை" என்றார் லவோன், காதிலிருந்து மாவை வழித்தபடி.

கேலார்ட் குனிந்து மூக்குக்கு அடியில் பார்த்தார். "இது மிலோ மாட்டினதா? என் டிராக்டர்லயும் இதையேதான் மாட்டினான். பின்பக்கக் கேமரா. கண்ணாடியில பாக்கற மாதிரி இடம் வலம் மாத்திக் காட்டும். பின்னால போறதுக்கு அருமையா இருக்கு." பிறகு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "ரெனி, அடுத்த வருஷம் பின்பக்கமா ஓட்டிட்டு வா!" என்றார்.

சிரித்தார்கள் அண்ணா. பழம் வைத்த கொலாச்சி ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எல்டன் மட்டும் சிரிக்கவில்லை, கொடியை எடுக்கப் போனார். உனக்குப் போன் செய்தால் நீ கேட்ட முதல் கேள்வி, "கேமராவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

சனிக்கிழமை வா. கழற்று. எடுத்துக்கொண்டு போ. மாத முடிவில் நான் மைதானம் மாற வேண்டியிருக்கும், போகும்போதாவது விமானத்தில் உன் ஞாபகம் எதுவும் இல்லாமல் போக வேண்டும்.

டார்லா அண்ணிக்கு என் அன்பு. நீயும் நீண்ட ஆயுளோடு இரு, இதற்கெல்லாம் பதில் சொல்ல உனக்கு நிறைய வருடங்கள் தேவைப்படும்.

இப்படிக்கு,
உன் தங்கை என்பதை இப்போதைக்கு மறுக்க வழியில்லாத
ரெனி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. கேமராவின் வாலில் இரண்டு சின்னக் கம்பி வளையங்கள் இருக்கும், அதை வெட்டினால் போதும் என்று கேலார்ட் சொன்னார். நகவெட்டியால் வெட்டினேன். ஒன்றை வெட்டியதும் கோடுகள் போயின. இன்னொன்றை வெட்டியதும் இடம் இடமானது, வலம் வலமானது. இன்று எரிபொருள் போடுவதற்காக எல்டனின் வண்டிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வழியில் கொடி விழுந்திருக்கிறது. அவர் இறங்கி, என் விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறிக்கு நேர் எதிரே, குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்காமலிருக்கக் காதில் உறை வேறு. நான் திரையில் பார்த்து நின்றுவிட்டேன், என்ஜினையும் அணைத்தேன். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். ஏறி வந்து திரையை எட்டிப் பார்த்தார். "வழக்கம்போல கேமரா இல்லாம நீ வந்திருந்தா என்னைப் பாத்திருக்கவே மாட்ட, இல்ல?" என்றார். "மாட்டேன்" என்றேன். கொடியைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு ஓரமாக விலகி, போ என்று கை காட்டினார். நான் தனியாகப் போனேன்.

ஆகவே கழற்ற வேண்டாம். துளை இருக்கட்டும். ஆனால் சனிக்கிழமை கட்டாயம் வா: ரேடியோ வயரைப் பிரித்துக் கட்ட வேண்டும், எல்டன் தன் வண்டிக்கும் பின்னால் பார்க்க ஒரு கேமரா வேண்டும் என்கிறார், கழுத்து திரும்ப மறுக்கிறதாம். அதில் மட்டும் எந்தக் கம்பியையும் வெட்டிவிடாதே.

லவோனிடம் நான் பேச மாட்டேன். அதை நீயே போய்ப் பேசிக்கொள். கரண்டி இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.