யானைக் குளியல் படிவம்

ஒரு காட்டில், யானை குளிக்க அனுமதி கொடுப்பதற்கென்று நரி கணினியில் ஒரு நடைமுறை செய்து வைத்திருந்தது. விண்ணப்பம், தந்தத்தின் நீளம், அனுமதிச் சீட்டு. மூன்றே படி. அதைப் பார்த்து மெச்சிய சிங்கராஜா, "இனி புதுசா ஒண்ணும் எழுதாதே. இதையே இன்னும் எத்தனை வேலைக்குப் பயன்படுத்த முடியும்னு அளந்து சொல்லு. வேலைக்கு ஒரு மதிப்பெண்" என்றது.

அன்று முதல் அணில் கல்யாணத்துக்கும் காக்கைக் கூட்டுக்கும் அதே படிவம்தான். ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்பது மதிப்பெண் சேர்ந்துவிட்டது.

ஓடையோர வளையில் இருந்த வெள்ளச்சி முயலுக்கு வேறு கவலை. நாலு குட்டிகள், இன்னும் கண் திறக்கவில்லை. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் மேட்டுக்குக் குடி மாறாவிட்டால் குட்டிகள் வெள்ளத்தோடு போய்விடும். மேட்டுக் காவலுக்கு நின்ற கரடி, சீட்டில்லாமல் ஈயைக்கூட விடாது.

"தந்தம் எவ்வளவு நீளம்?" என்றது நரி.

"எனக்கேது ஐயா தந்தம்? முன்பல்லு ரெண்டுதான் இருக்கு."

"பல்லுக்கு இதில் இடமில்லை. அடுத்த ஆள்!"

வரிசையில் பின்னால் நின்ற அணில் காதைக் கடித்தது. "என்னக்கா நீ, விவரம் தெரியாம! என் கல்யாணத்துக்கு நான் மூணு முழம்னு போட்டேன்."

"அளந்து பாத்துட்டா?"

"இங்க படிவத்தைத்தான் அளக்கிறாங்க. நம்மள யாரு அளக்கிறா?"

வெள்ளச்சிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தூரத்தில் இடி உருண்டது. கண்ணை மூடிக்கொண்டு, 'நாலு முழம்' என்று எழுதிக் கொடுத்தது.

சீட்டு உடனே வந்தது. நரிக்குப் பத்தாவது மதிப்பெண்.

குட்டிகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு வெள்ளச்சி மேட்டுக்கு ஓடியது. கரடி சீட்டைப் பார்த்தது, வெள்ளச்சியைப் பார்த்தது. "யானைன்னுல்ல போட்டிருக்கு?"

"பிள்ளை பெத்ததுல இளைச்சுட்டேன் அண்ணே."

"அட பாவமே! நல்லா சாப்பிடும்மா" என்று கரடி வழிவிட்டது. வெள்ளச்சி மேட்டில் ஏறி முடிப்பதற்குள் மழை கொட்டியது. குட்டிகள் தப்பின.

மறுநாள் சேறும் சகதியுமாக, குளிக்க அனுமதி கேட்டு நிஜ யானை வந்தது. நரி கணக்கைப் பார்த்துவிட்டு முறைத்தது.

"இதுவரை பத்து யானைக்குச் சீட்டு கொடுத்தாச்சு. இந்தக் காட்டில் இருப்பதே ஒரே யானை. நீ யாருப்பா?"

நீதி: படிவம் யானையைக் கேட்டால் தயங்காமல் யானையாகிவிடு. ஆனால் மறந்தும் யானையாகப் பிறந்துவிடாதே.