பல்லுக்குள் சூடு, வெளியே நாலு பேர்

"ஐயோ, சுடுது டாக்டர்!"

கத்தியவன் நோயாளியே அல்ல. நோயாளி மாதிரி நடிக்க வந்தவன்.

க்ளினிக்குக்கு அன்றைக்குத்தான் முதல் நாள். டாக்டர் அவன் மனைவி. காலி நாற்காலிகளைப் பார்த்தால் வருகிறவனும் திரும்பிப் போய்விடுவான் என்று கணக்குப் போட்டு, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். சிரித்துக்கொண்டே உள்ளே போவது, சிரித்துக்கொண்டே வெளியே வருவது. அவ்வளவுதான் திட்டம்.

ஆனால் வாயைத் திறந்தவுடன் அவன் கடைவாய்ப் பல்லில் நிஜமாகவே ஒரு சொத்தை இருப்பதை மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அதைச் சுரண்டி அடைத்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் எதிர்பார்க்காத வகையில், நாலு பேர் வரிசையாக வந்து வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். நாலு பேருக்கும் இந்தக் கத்தல் கேட்டிருக்கும்.

"மெதுவா!" என்றாள் மனைவி, முகக் கவசத்துக்குள்ளிருந்து. "வெளியில ஆளுங்க இருக்காங்க."

"பல்லுக்குள்ள யாரோ தீக்குச்சி கிழிச்ச மாதிரி இருந்ததுடி!"

"டி போடாதீங்க. நீங்க இப்ப பேஷண்ட்."

அவள் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு விளக்கு. நுனியில் நீல வெளிச்சம். களிம்பு மாதிரி இருக்கும் அடைப்பு அந்த வெளிச்சம் பட்டால்தான் கல்லாக இறுகும். அவள் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஃபுல் பவர்ல வச்சுட்டேங்க. இத்தனை பேர் காத்திருக்காங்களேன்னு ஒரு அவசரம். அதுவும் இது அடியில தடவுற பசை. பல்லுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல மெல்லிசா ஒரு பூச்சு, அவ்வளவுதான். சூடு நேரா உள்ள இறங்கிடும்."

"இதைப் பத்தித்தானே நீ ஆராய்ச்சியே பண்ணினே?"

"அதான் வெக்கமா இருக்கு."

அது அவனுக்குப் பெருமையான விஷயம். நீல விளக்கைக் காட்டும்போது பல்லுக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதுதான் அவள் மேற்படிப்பு ஆராய்ச்சி. லிஃப்டில் மாட்டியவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் என்று யாரையும் விடாமல் அவன் அதைச் சொல்லியிருக்கிறான். அவன் அப்பாவிடம் மட்டும் பருப்பு வேகவில்லை. "கண்ணாடிக் கதவு போட்டுட்டா கூட்டம் வந்துடுமா?" என்று அன்று காலையில்கூட, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். திறப்புக்கும் வரவில்லை. அவளுக்கு முகம் சுருங்கிப் போனதை அவன் பார்த்தான்.

அதனால்தான் வெளியே இருக்கும் நாலு பேரில் ஒருத்தர்கூட எழுந்து போய்விடக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அவள் தலை நிமிர்ந்திருக்க வேண்டும்.

"நான் போய்ச் சமாளிக்கறேன்," என்று நாற்காலியிலிருந்து குதித்தான்.

வெளியே நாலு பேரும் அவனையே பார்த்தார்கள். ஒரு குடைக்காரர், பெரிய பையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா, ஒரு மீசைக்காரர், தடித்த கண்ணாடி போட்ட ஒருவர்.

"ஒண்ணுமே இல்லைங்க. லேசா, ரொம்ப லேசா சுட்டது. அவ்வளவுதான்."

"பல்லு சுடுமா?" என்றார் மீசைக்காரர்.

"பல்லு சுடாதுங்க. விளக்குதான் சுடும்."

"வாய்க்குள்ள விளக்கா?" பைக்கார அம்மா பையை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"சரி, அடுத்து யாரு?"

"அம்மா போகட்டும்," என்றார் குடைக்காரர்.

"எனக்கென்ன அவசரம்? மீசைக்காரர்தான் முதல்ல வந்தாரு."

"நானா? நான் கண்ணாடிக்காரருக்குப் பின்னாடிங்க."

கண்ணாடிக்காரர் சுவரில் இருந்த பல் படத்தை முதல் தடவை பார்ப்பவர் போல எழுந்து போய்ப் பார்க்க ஆரம்பித்தார்.

அவனுக்கு விளங்கிவிட்டது. பயந்துவிட்டார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லையே! டாக்டரின் முகராசி அப்படி என்று மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினான்.

"மரத்துப் போற ஊசி போடு. மீதியையும் முடிச்சுடு. இந்தத் தடவை நான் பூ மாதிரி வெளியே போறேன்."

"எதுக்குங்க? பவரைக் குறைச்சு, காத்து அடிச்சுக்கிட்டே காட்டினா சுடவே சுடாது."

"ரிஸ்க் எடுக்க முடியாது. போடு!"

போட்டாள். அடைத்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. உண்மையில் பாதி முகம் இருப்பதே தெரியவில்லை. பூ மாதிரி வெளியே போனான். வலது பக்கம் சிரித்தது. இடது பக்கம் தூங்கியது.

"பாழுங்க, ழொம்ப நழ்ழா இழுக்கு," என்றான் கம்பீரமாக.

பைக்கார அம்மா எழுந்து பின்வாங்கி, மறுபடி உட்கார்ந்தார். "ஐயோ பாவம், நல்லா பேசிக்கிட்டிருந்த புள்ளை!"

தெளிவுபடுத்துவதற்காகத் தண்ணீர் எடுத்துக் குடித்துக் காட்டினான். உள்ளே போனது கொஞ்சம். சட்டையில் இறங்கியது மீதி.

"சார், உங்களுக்கு வீட்டுல யாராவது இருக்காங்களா?" என்று குடைக்காரர் கனிவோடு கேட்டார். "கூப்பிட்டுச் சொல்லணுமா?"

இனி பேச்சு எடுபடாது. செய்துதான் காட்ட வேண்டும். உள்ளே பாய்ந்து நீல விளக்கைப் பறித்துக்கொண்டு வந்தான். தன் கட்டை விரல் நகத்தின் மேல் வைத்து அழுத்தினான். "பாழுங்க! சுழவே இல்ல!"

சுட்டது. ஃபுல் பவர் பொத்தானில் விரல் பட்டிருந்தது. சிரிப்பை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தான். கண்ணில் மட்டும் பொலபொலவென்று நீர் கொட்டியது. விரலை உதறியதில் விளக்கு மீசைக்காரர் பக்கம் திரும்ப, அவர் "கண்ணு! கண்ணு!" என்று முகத்தை மூடிக்கொண்டு கண்ணாடிக்காரர் மடியில் சாய்ந்தார்.

"அதைக் கீழ வைங்க!"

வாசலில் மனைவி நின்றாள். முகக் கவசத்தைக் கழற்றியிருந்தாள். அவன் கையிலிருந்து விளக்கை வாங்கினாள். எல்லாம் போச்சு. முதல் நாளே மானம் கப்பல் ஏறியாகிவிட்டது, அதுவும் தன்னால்.

"இவர் பேஷண்ட் இல்ல. என் வீட்டுக்காரர்," என்றாள் அவள். "கூட்டம் இருக்கிற மாதிரி காட்டணும்னு வந்து உட்கார்ந்தார். மன்னிச்சுக்கோங்க."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீசைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"சுட்டதும் நிஜம்தான். அவசரத்துல நான்தான் பவரைக் கூட்டி வச்சுட்டேன். இந்த விளக்கு சுடவே சுடாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சுடும். பல்லுக்குள்ள உயிரோட ஒரு சதை இருக்கு. அதுக்குச் சூடு ஆகாது. எவ்வளவு சூடு ஏறும், எப்படி ஏறாம பார்த்துக்கணும், அதைத்தான் நான் படிச்சிருக்கேன். வாங்க, காட்டறேன்."

உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தாள். என்றைக்கோ பிடுங்கிய பல் ஒன்று, வெதுவெதுப்பான தண்ணீரில் வேர் முங்க நின்றது. அதற்குள் முடி மாதிரி ஒரு கம்பி. பல்லுக்குள் இருக்கும் சூட்டை அந்தப் பெட்டி எண்ணாகக் காட்டியது.

முதலில் ஃபுல் பவரில் விளக்கைக் காட்டினாள். எண் விறுவிறுவென்று ஏறியது. நாலு தலைகளும் பின்னால் போயின.

"இதுதான் இவருக்கு நடந்தது," என்றாள். "இப்ப பாருங்க."

பவரைக் குறைத்தாள். ஒரு கையில் விளக்கு, மறு கையில் காற்றுக் குழாய். கொஞ்சம் காட்டினாள், நிறுத்தினாள், ஆற விட்டாள், மறுபடி காட்டினாள். கை ஒரு இம்மிகூட ஆடவில்லை. எண் மட்டும் லேசாக எட்டிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்துக்கே திரும்பி வந்தது.

அவன் பாதி முகத்தோடு அவளைப் பார்த்தான். லிஃப்டிலும் பஸ்ஸிலும் தான் அளந்ததெல்லாம் ரொம்பக் குறைச்சல் என்று அப்போதுதான் தோன்றியது.

குடைக்காரர் குடையை நாற்காலியில் சாய்த்து வைத்தார். "எனக்கு இந்தப் பக்கம் ஒரு பல்லு ரொம்ப நாளா கூசுதும்மா. பார்க்கிறியா?"

"யோவ்!" என்றார் மீசைக்காரர், பதறிப் போய்.

"நீ சும்மா இருய்யா. தப்பு பண்ணிட்டேன்னு நேரா சொல்ற டாக்டரை நான் இப்பத்தான் பார்க்கறேன்."

குடைக்காரர் வெளியே வந்தபோது வாய் நிறையச் சிரித்தார். அடுத்து பைக்கார அம்மா. அப்புறம் கண்ணாடிக்காரர். கடைசியில் மீசைக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு குரல்கூட உள்ளேயிருந்து வரவில்லை. நாலு பேர் வாயிலும் சொத்தை இருந்தது. அது அன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி நாலு பேரும் ஆச்சரியப்பட்டார்கள்.

சாயங்காலம் அவனுக்கு முகம் இரண்டு பக்கமும் திரும்பி வந்திருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நாலு பேருக்கும் கும்பிடு போட்டான். உள்ளே அவள் கருவிகளைக் கழுவும் சத்தத்தோடு ஒரு பாட்டும் கேட்டது.

"ரொம்ப நன்றிங்க. எங்கப்பா மட்டும் இன்னைக்கு இங்க இருந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கணும்!" என்றான் பெருமை தாங்காமல்.

குடைக்காரர் மற்ற மூன்று பேரையும் பார்த்தார். பிறகு அவன் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கப்பாகிட்ட நாங்க என்ன பதில் சொல்றதுன்னுதான் தெரியல தம்பி, காலையில எங்க கூட நடக்க வந்தவரு, 'மருமக க்ளினிக்ல கூட்டம் தெரியணும், நாலு பேரும் போய்ச் சும்மா உட்கார்ந்துட்டு வாங்க, தப்பித்தவறி வாயை மட்டும் திறந்துடாதீங்க'ன்னு சொல்லித்தான் அனுப்பினாரு."